மறந்துட்டேன், மிஸ்ஸி

குழந்தைகள் நீரிழிவுப் பிரிவில் நீங்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களாம். உங்களுக்கு உதவும்படியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் மருமகள் வைத்த சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டும் இருப்பவள். கேட்டதும் தலைகால் புரியவில்லை. சந்தோஷமாகத் தாளை எடுத்து உட்கார்ந்த பிறகுதான், உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஊசியை எங்கே குத்துவது, எத்தனை யூனிட், எப்போது இரத்தம் சோதிப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இப்போது கையில் ஒட்டிக்கொள்ளும் கருவிகூட வந்துவிட்டது.

ஆகவே நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக, பிள்ளைகள் வாயில் மிஸ்ஸியாக, இருந்தவள் நான். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் பட்டாசு மிஸ்ஸி. எதற்கெடுத்தாலும் வெடிப்பேன். ஆனால் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. அதற்கு இரண்டு காரணங்கள் வைத்திருந்தேன். ஒன்று, எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிப் பிள்ளையாக இருந்தாலும் மூன்றே நாளில் தானாக ஊசி போட்டுக்கொள்ளப் பழக்கிவிடுவேன். இன்னொன்று, என்னிடம் வரும் பிள்ளைகளின் சீனிப் புத்தகம் எப்போதும் நிரம்பியிருக்கும். வேளாவேளைக்கு இரத்தத்தில் எவ்வளவு சீனி என்று எழுதிவரும் அந்தச் சின்னப் புத்தகத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு கட்டமும் காலியாக இல்லையென்றால் தங்க நிற நட்சத்திரம் ஒன்று ஒட்டுவேன். அந்த நட்சத்திரத்துக்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தர்ஷினி என்று ஒரு பிள்ளை. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. மாசாயில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, ஒன்பது வயது. மூன்று வாரமாகத் தாகம் தாகம் என்று குடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இரவில் படுக்கையை நனைத்திருக்கிறாள். வெயில் காலம், உடம்புச் சூடு என்று நினைத்து அவள் அம்மா தினமும் இனிப்புச் சிரப் தண்ணீர் கலக்கி, ஐஸ் போட்டு, பெரிய ஜக்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஒன்பது வயதில் படுக்கையில் போகிறாளே என்று அப்பா திட்டியிருக்கிறார். எங்களிடம் கொண்டுவந்தபோது பிள்ளை இரத்தத்தில் அமிலமேறி, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். அம்மாவைப் பார்த்து "யாரு?" என்று கேட்டாள். அந்தத் தாய் நின்ற நிலை இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மூன்றாம் நாள் கண் விழித்து, குடிக்க மைலோ கேட்டாள். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பிழைத்துவிட்டாள் என்றதும் எங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டதுபோல இருந்தது. அமிலம் இறங்கிவிட்டது, எண்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டன, இனி ஊசி பழக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று அவளை என் கையில் கொடுத்தார்கள்.

அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று நம் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பா சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். எல்லைப் பாலம் நெரிசலாகும் முன் கடக்க வேண்டுமென்று விடிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அம்மா பாசீர் கூடாங் தொழிற்சாலையில். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். பிள்ளை ஆறு மணிக்குத் தானாக எழுந்து, குளித்து, மூடி வைத்திருப்பதைச் சாப்பிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளி வேனுக்கு நிற்க வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். அதனால் காலை ஊசியை அவளே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மறு யோசனையே வரவில்லை.

மூன்று நாள் பழக்கினேன். கெட்டிக்காரி. நான் சொல்லி முடித்ததும் ஒரு படி விடாமல் திருப்பிச் சொல்வாள். "கை கழுவணும், சோதிக்கணும், எழுதணும், இன்சுலின் பேனாவுல ஊசி மாட்டணும், ரெண்டு யூனிட் வெளிய விடணும், அப்புறம் எட்டு யூனிட், பத்து எண்ணிட்டு எடுக்கணும்." கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். என் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. பன்னிரண்டிலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கலாமா? இவ முன்ன மாதிரி இல்ல. நேத்து அவ அத்த வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. இன்னிக்கு காலைல, அத்த ஏம்மா பாக்க வரலன்னு கேக்குறா."

"பெரிய கண்டத்துலேர்ந்து தப்பிச்சு வந்திருக்கா. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். எல்லாம் சரியாயிடும்லா."

அவர் தலையாட்டினார். எனக்கு அடுத்த கட்டிலில் வேலை இருந்தது. அந்தத் தாய் சொன்னதை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை.

பிறகு மாதம் ஒருமுறை கிளினிக்கில் பார்த்தேன். முதல் மாதம் புத்தகம் முழுக்க நிரம்பியிருந்தது. நட்சத்திரங்கள் ஒட்டினேன். இரண்டாம் மாதமும் அப்படியே. ஏழு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி எட்டு, ஏழு புள்ளி நான்கு என்று எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியான எண்கள். ஆனால் டாக்டர் எடுத்த இரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது; சராசரிச் சீனி அதைவிட எவ்வளவோ கூடுதல். சந்தேகப்பட்டு, அவளுடைய சோதனைக் கருவியைக் கையில் வாங்கிப் பின்னோக்கி அழுத்திப் பார்த்தேன். புத்தகத்தில் இருக்கும் எண்கள் கருவியில் இல்லை. சில நாட்களில் ஒரே காலையில் மூன்று முறை சோதித்திருக்கிறாள், சில நாட்களில் சோதிக்கவே இல்லை. புத்தகத்தில் மட்டும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது.

பட்டாசுக்குத் தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கிளினிக்கில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"என்ன இது? புத்தகத்துல பொய்யா எழுதி வச்சிருக்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "மறந்துட்டேன், மிஸ்ஸி."

"மறந்துட்டா காலியா விடணும். நீயா ஒரு நம்பர் எழுதுறதுக்குப் பேரு என்ன? பொய்தானே? இவ்ளோ சின்ன வயசுல இவ்ளோ பொய்யா?"

"மறந்துட்டேன், மிஸ்ஸி" என்று திரும்பவும் சொன்னாள். மறந்துட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளை நான் வண்டி வண்டியாகப் பார்த்தவள். ஊசி போட அலுப்புப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. நான் அவள் அம்மாவிடம் திரும்பி, "இவ சொல்றத நம்பாதீங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றேன். அந்தம்மா முகம் செத்துவிட்டது. அன்று வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

காலியாக விடணும் என்று அவளிடம் சொன்ன அதே வாயால்தான், காலிக் கட்டம் இருந்தால் நட்சத்திரம் கிடையாது என்றும் சொல்லியிருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கிளினிக்கில் கால் வைக்க இடமில்லை. மேசைத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், இளம் குரல்.

"மிஸ்ஸிங்களா? நான் தர்ஷினியோட கிளாஸ் டீச்சர். அவ புத்தகத்துக்குப் பின்னால உங்க நம்பர் இருந்துச்சு. அவளுக்குத் தல சுத்துதுன்னு சொன்னா. அவளே சோதிச்சுப் பாத்தா, பதினேழு புள்ளி நாலு காட்டுது. அது ரொம்ப ஜாஸ்தியா மிஸ்ஸி?"

"ஜாஸ்திதான். காலைல ஊசி போட்டாளா கேளுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிள்ளை அழும் சத்தம்.

"போடலன்னு நெனைக்கிறேங்குறா. உடனே, போட்டுட்டேன்னு நெனைக்கிறேங்குறா. அவளுக்குத் தெரியல மிஸ்ஸி. அம்மாவுக்கு அடிச்சேன், எடுக்கல. அப்பாவும் எடுக்கல."

அம்மா எடுக்க முடியாது. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அப்பா எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆக, முடிவு என் கையில்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். போட்டிருக்க மாட்டாள், புத்தகத்தில் ஏமாற்றுகிறவள் ஊசியிலும் ஏமாற்றியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பதினேழு காட்டுகிறது, கணக்கு சரியாகப் பொருந்துகிறது. இப்படியே விட்டால் திரும்ப அமிலமேறி, திரும்ப அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு தடவை தப்பித்தவள் இன்னொரு தடவை தப்பிப்பாள் என்று யார் சொல்ல முடியும்?

"டீச்சர், அவ பையில பேனா இருக்கும். எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"எடுத்துட்டா மிஸ்ஸி."

எட்டு யூனிட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர், "மிஸ்ஸி, ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை என்று பிறகு தெரிந்தது. குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

"இவ தெரியலன்னு சொன்னா நெசமாவே தெரியலன்னு அர்த்தம். போன வருசம் படிச்ச ஆறாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. இந்த வருசம் நான் சொல்லிக் குடுத்த ஏழாம் வாய்ப்பாடு காலைல ஒப்பிப்பா, ரெஹாட் முடிஞ்சு கேட்டா ஒண்ணும் இருக்காது. திரும்பச் சொல்லிக் குடுத்தா, புதுசா கேக்குற மாதிரி கேப்பா. ஆரம்பத்துல நானும் சோம்பேறின்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு மாசமா எழுதி வச்சுக்கிட்டு வரேன். அவ பொய் சொல்ற பிள்ள இல்ல மிஸ்ஸி."

காலையில் ஒப்பிப்பாள், ரெஹாட் இடைவேளை முடிவதற்குள் இருக்காது. நான் பழக்கியபோது எப்போது கேட்டேன்? சொல்லி முடித்த உடனே கேட்டேன். அடுத்த நாள் கேட்டேனா? அடுத்த நாள் வந்து மறுபடியும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மறுபடியும் உடனே கேட்டேன். பன்னிரண்டு டிக்கும் அப்படி விழுந்தவைதான். "அத்த ஏம்மா வரல" என்று கேட்கிறாள் என்றாரே அவள் அம்மா.

பொய் இல்லையென்றால், அவள் காலையில் ஊசி போட்டிருக்கலாம். போட்டதை மறந்து இரண்டாவது தடவையும் போட்டிருக்கலாம். மூன்றாவதாகப் போடச் சொல்லி நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஊசி வேண்டாம்! பேனாவ கீழ வைக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். கிளினிக்கே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான், முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"சோதிக்கிறதுக்கு முன்னால கை கழுவினாளா?"

"இல்ல மிஸ்ஸி. ரெஹாட்லேர்ந்து நேரா வந்தா. ஒரு பையனோட அப்பா பெக்கான் நானாஸ்லேர்ந்து அன்னாசி கொண்டாந்து குடுத்திருந்தாரு. எல்லாப் பிள்ளைங்களும் கையிலயே வாங்கித் தின்னாங்க."

"சோப்புப் போட்டு நல்லா கழுவி, தொடச்சிட்டு, வேற விரல்ல பாக்கச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

விரல் நுனியில் பழச்சாறு இருந்தால் கருவி அந்தச் சாற்றின் இனிப்பையும் சேர்த்துத்தான் காட்டும். இதைப் பிள்ளைகளுக்கு நான் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் ஒப்பிப்பதிலும் முதல் வரி அதுதான். அன்று எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்றால், பிள்ளை பொய்க்காரி என்று முடிவு கட்டி வைத்திருந்த எனக்குக் கேள்வி கேட்கவே அவசியம் இல்லாமல் போயிருந்தது.

"ரெண்டு புள்ளி ஆறு, மிஸ்ஸி."

நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"முகம் வேர்த்திருக்கா?"

"ஆமா மிஸ்ஸி. ஓடிட்டு வந்ததால வேர்க்குதுன்னு நெனச்சேன். கை நடுங்குது. தூக்கம் வருதுங்குறா."

"தூங்க விடாதீங்க. கேண்டீன்ல சிரப் இருக்கும், தண்ணி கலக்காம கால் கிளாஸ். சிரப் இல்லன்னா மூணு கரண்டி சீனிய வெந்நீர்ல கரைச்சு ஆத்திக் குடுங்க. மடக்கு மடக்கா குடிக்கணும். முழுங்க முடியலன்னா வாயில ஊத்தாதீங்க, உடனே என்கிட்ட சொல்லுங்க. யாரையாவது ஆம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லுங்க."

அந்தப் பதினைந்து நிமிடம் எனக்குப் பதினைந்து வருடம். யாரோ ஓடும் சத்தம், கிளாஸில் கரண்டி மோதும் சத்தம், "குடிடா கண்ணு, இன்னும் கொஞ்சம்" என்று டீச்சர் கெஞ்சுவது எல்லாம் காதில் விழுந்தது. கிளினிக்கில் காத்திருந்த ஒரு பெரியவர் எவ்வளவு நேரம் போன் பேசுவீர்கள் என்று என்னைத் திட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் யாருக்கும் பதில் கொடுக்கவில்லை. திரும்பச் சோதித்தார்கள். நான்கு புள்ளி மூன்று. தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மதியம் பிள்ளை எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மா கம்பெனிச் சட்டையோடு ஓடி வந்தார். முந்தின நாள் ராத்திரி ஊசி முடிந்த பிறகுதான் பேனாவில் புது மருந்து மாட்டியதாகச் சொன்னார். எடுத்துப் பார்த்தோம். இரண்டு காலை ஊசிக்கான மருந்து குறைந்திருந்தது; அன்று காலையே இரண்டு தடவை போட்டிருக்கிறாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தாய் சொன்னதை நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவர் அந்தம்மாவை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். சீனி நீண்ட நாள் ஏறிக்கிடந்து இரத்தம் அமிலமாகிவிட்டால் அது மூளையையும் தொடக்கூடும். சில பிள்ளைகளுக்குப் புதிதாக நடப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் பலவீனமாகிவிடுகிறது. பழையது அப்படியே இருக்கும், அறிவும் இருக்கும், இன்று கேட்டது மட்டும் நாளைக்கு நிற்காது. சீனி மிகவும் இறங்கிப் போவதும் அதே மாதிரி கெடுதல்தான், அதுவும் வளரும் மூளைக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை, பலர் மெல்லத் தேறிவிடுவார்கள், எவ்வளவு தேறுவாள் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். இனி ஏறவும் விடக்கூடாது, இறங்கவும் விடக்கூடாது. அந்தப் பொறுப்பை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் விடவே கூடாது.

டாக்டர் போன பிறகு அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாகம் தாகம்னு கேட்டாளே மிஸ்ஸி. நான்தானே சிரப் கலக்கிக் கலக்கி வச்சிட்டுப் போனேன்."

"தாகம்னு கேட்ட பிள்ளைக்குத் தண்ணி குடுத்தீங்க. எந்தத் தாயும் அதத்தான் செய்வா. தப்பு என்னுது. இவ முன்ன மாதிரி இல்லன்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான் காதுல போட்டுக்கல."

அவர் என் கையை விடவே இல்லை. அந்தம்மா என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அதன் பிறகு நாங்கள் மாற்றியவற்றை நீங்கள் இப்போது வழக்கமாகச் செய்துவருகிறீர்கள். பழக்கிய பிள்ளையிடம் அன்றே கேட்டு டிக் போடுவதில்லை. மறுநாள், நாம் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்காமல், முதலில் அவர்களைச் சொல்ல விடுகிறோம். அமிலமேறி வந்த பிள்ளையாக இருந்தால் ஒரு மாதம் கழித்தும் கேட்கிறோம், பள்ளி ஆசிரியரிடமும் பேசுகிறோம். போட்டேனா இல்லையா என்று தெரியாவிட்டால் போட்டதாகவே வைத்துக்கொண்டு, கை கழுவி, அடிக்கடி சோதித்து, நம்மைக் கூப்பிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைக்கிறோம். நட்சத்திரம் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். இதெல்லாம் ஏதோ மேலிடத்து உத்தரவு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மாசாய்ப் பிள்ளை ஒருத்தி உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக் கொடுத்தது.

தர்ஷினியின் காலை ஊசி பள்ளிக்கு மாறியது. சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய், வகுப்பு தொடங்கும் முன் டீச்சர் கண்ணெதிரே ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். டீச்சர் அதை எழுதி, அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிடுவார். இப்போது அவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். நினைவு ஓரளவு தேறியிருக்கிறது, முழுதாகத் திரும்பவில்லை. மற்றவர்கள் ஒருமுறை படிப்பதை அவள் ஐந்துமுறை படிக்கிறாள். அவளுக்கு அலுக்கவில்லை என்று சொன்னால் அது நான் சொல்லும் பொய். அலுத்து அழுகிறாள், பிறகு படிக்கிறாள்.

கடைசியாக அந்த நாளின் சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வேலை முடிந்து கிளம்பும் முன் அவள் கட்டிலுக்குப் போனேன். பத்துப் பேர் முன்னால் திட்டிய பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்காமல் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஒரு பெரிய மனுஷி சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எவ்வளவு ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது தெரியுமா? நடையிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"தர்ஷினி, போன மாசம் கிளினிக்ல மிஸ்ஸி உன்னத் திட்டினேன்ல, அது தப்பும்மா. மன்னிச்சுக்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "எப்ப மிஸ்ஸி திட்டினீங்க?"

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. பக்கத்தில் இருந்த அவள் அம்மா, போகட்டும் விடுங்கள் என்பதுபோல எனக்குக் கண் காட்டினார். விட்டிருக்கலாம். மறந்து போனதை எதற்குக் கிளறுவது என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. சொல்லப்போனால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"உன் புத்தகத்தப் பாத்துட்டு நீ பொய் சொல்றன்னு சொன்னேன். நீ பொய் சொல்லல. உனக்கு நெசமாவே மறந்து போயிருக்கு. அது உன் தப்பு இல்ல."

அவள் கொஞ்ச நேரம் போர்வையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள். "அப்போ நான் பொய் சொல்ற பிள்ள இல்லையா, மிஸ்ஸி?"

திட்டு மறந்துவிட்டிருக்கிறது. நான் வைத்த பெயர் மட்டும் அவளுக்குள் உட்கார்ந்துகொண்டு, யார் வைத்தது என்று தெரியாமல் அந்த ஒரு மாதமும் அவளைத் தின்றிருக்கிறது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எழுதிக் குடுங்க மிஸ்ஸி. இல்லன்னா நாளைக்கு மறந்துடுவேன்."

என் சட்டைப் பையில் இருந்த குறிப்புத் தாளைக் கிழித்து, "தர்ஷினி பொய் சொல்லும் பிள்ளை இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டுத் திரும்ப என்னிடமே நீட்டினாள்.

"ஆஸ்பத்திரி சாப்பு குத்திக் குடுங்க மிஸ்ஸி. அப்பதான் அப்பா நம்புவாரு."

கவுண்டருக்குப் போய் முத்திரையை எடுத்து, நன்றாக மை தொட்டு, அழுத்திக் குத்திக் கொண்டுவந்து கொடுத்தேன்.